பழுதும் பண்பும்

ஒலியைப் பெருக்கும் கருவிகள் தோன்றிய நாள் முதல் அவற்றை அமைத்தவர்களுக்கு ஒரே குறிக்கோள்தான் இருந்து வந்தது. உள்ளே புகுந்த ஒலி அளவில் மட்டும் பெருகி, உருவில் சிறிதும் மாறாமல் வெளியே வரவேண்டும். பாடகரின் குரலில் இல்லாத கரகரப்பு ஒலிபெருக்கியில் கேட்குமானால் அது பழுது. அதனைக் கண்டுபிடித்துக் களைவது எஞ்சினீயரின் கடமை. வானொலி நிலையங்களும் இசைத்தட்டுக் கம்பெனிகளும் பெரும் பொருள் செலவிட்டு ஒழிக்க முயன்ற பகை இதுவே.

அப்பகைகளுள் ஒன்று அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் தற்செயலாகப் பிடிபட்டது. பிடித்தவர்கள் அதனை அழிக்கவில்லை. ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்து, 1962-ம் ஆண்டு முதல் விலைக்கு விற்றார்கள். மின்சாரக் கிதார் வாசிப்போர் அப்பெட்டியைத் தரையில் வைத்து, வேண்டும்போது காலால் மிதித்து அந்தக் கரகரப்பை வரவழைத்துக் கொண்டனர். அவ்வொலிக்கு ஆங்கிலத்தில் ‘ஃபஸ்’ என்று பெயர்.

அந்த முதற் பெட்டிகளுக்கு இன்று அறுபது வயது கடந்துவிட்டது. மூப்பு அவற்றையும் விடவில்லை. அவற்றுள் ஒன்று பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வரும்போது விசித்திரமான வினா ஒன்று எழுகிறது. கரகரப்பதற்கென்றே பிறந்த கருவியில் எந்தக் கரகரப்பைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது? இதற்கு விடை காண வேண்டுமானால் அப்பெட்டியின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

முதலில் அந்த ஒலியின் தன்மையைப் பார்ப்போம். தம்புராவின் ரீங்காரத்தைக் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இதை விளக்குவது எளிது. தம்புராவின் குதிரையின்மேல், தந்திக்கு அடியில் சிறு நூலைச் செருகி ‘ஜீவா’ பிடிக்கிறோம். நூல் உரிய இடத்தில் அமைந்ததும் அதுவரை வறண்டு ஒலித்த தந்தி வண்டுபோல் முரலத் தொடங்குகிறது. மீட்டிய சுருதியோடு சுயம்பு ஸ்வரங்களும் எழுகின்றன. தந்தியின் தூய அசைவில் நூல் குறுக்கிட்டதால் விளைந்த வளம் அது. அதனை யாரும் பழுதென்று சொல்வதில்லை.

மின்சாரக் கருவியில் நூலுக்குப் பதிலாகக் குறுக்கிடுவது கருவியின் எல்லை. கிதார்த் தந்தியின் அசைவு மின்னலையாக மாறி ஆம்ப்ளிஃபையருக்குச் செல்கிறது. ஆம்ப்ளிஃபையர் ஓரளவுக்குத்தான் அலையைப் பெருக்க முடியும். அதற்கு மேலும் வலுவான அலை வந்தால் அலையின் முகடும் பள்ளமும் வெட்டுப்பட்டுவிடும். உருண்ட குன்றின் உச்சியைச் செதுக்கித் தட்டையாக்கியது போன்ற உருவம் மிஞ்சும். அவ்வாறு வெட்டுப்பட்ட அலையில், மூல ஒலியில் இல்லாத மேலொலிகள் பல தோன்றுகின்றன. மற்றொரு விளைவும் உண்டு. தந்தியின் அசைவு மெல்லத் தணிந்து வந்தாலும், அது வெட்டும் எல்லைக்கு மேலே இருக்கும் வரையில் வெளிவரும் ஒலியின் உரம் ஏறத்தாழக் குறைவதில்லை. ஆகவே மீட்டியதும் தேயும் கிதாரின் நாதம், வில்லால் இழுத்த வாத்தியம்போல நெடுநேரம் நிற்கிறது. கலைஞர்கள் இவ்வொலியை விரும்பியதற்குக் கரகரப்பு ஒரு காரணம்; இந்த நீட்சி மற்றொரு காரணம்.

பெட்டி பிறப்பதற்கு முன்பே இவ்வொலி சில இசைத்தட்டுகளில் தலைகாட்டியிருந்தது. 1951-ல் மெம்ஃபிஸ் நகரில் பதிவான ‘ராக்கெட் 88’ என்ற பாட்டில் கிதார் வாசித்த வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபையர் பதிவுக்கு முன்பே அடிபட்டிருந்தது. பழுதுபட்ட ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து ஒருவாறு வேலையை முடித்தார்கள். அந்தக் கரகரப்பே பாட்டுக்குத் தனிச் சுவையைத் தந்தது. 1958-ல் வெளிவந்த ‘ரம்பிள்’ என்ற இசைக்காக லிங்க் ரே என்பவர் தம் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பென்சிலால் வேண்டுமென்றே துளையிட்டார் என்பது இசையுலகில் நன்கறிந்த செய்தி. முன்னது விபத்து, பின்னது விருப்பம். ஆயினும் கிழித்த ஸ்பீக்கரை மீண்டும் கிழிக்காதது ஆக்க முடியாது. ஒரே மேடையில் தூய ஒலியும் கரகரப்பும் மாறிமாறி வேண்டுமானால் வேறு வழி தேடவேண்டியிருந்தது.

அவ்வழி நாஷ்வில் நகரில் பிறந்தது. மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-ல் வெளிவந்த ‘டோண்ட் வொர்ரி’ என்ற பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, ஆறு தந்தி பேஸ் கிதார் வாசித்த கிரேடி மார்ட்டினின் ஒலி திடீரென்று உடைந்து, தேனீக்கூட்டம் கலைந்தது போல் இரைந்தது. ஒலிகளைக் கலக்கும் மேசையில், அவருடைய கிதார் இணைந்திருந்த பகுதியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போயிருந்தது. வழக்கப்படி செய்யவேண்டியது, பழுதை நீக்கிவிட்டு மறுபடியும் வாசிக்கச் சொல்வதுதான். ஆனால் அந்தப் பதிவை அப்படியே வைத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். பாட்டு அமெரிக்க நாட்டுப்புற இசை வரிசையில் முதலிடம் பெற்றது.

அன்று பதிவு செய்த எஞ்சினீயர் கிளென் ஸ்னாடி. அவர் கெட்டுப்போன பகுதியைக் கழற்றினார்; குப்பையில் எறியாமல் எடுத்து வைத்தார். இந்த வரலாற்றின் திருப்பம் அந்தச் சிறு செயலில்தான் இருக்கிறது. பிறகு வேறு கலைஞர்களும் அந்த ஒலியை வேண்டி வந்தனர். ஆனால் பழுதான கருவிக்கு நீண்ட ஆயுள் இல்லை. அரைகுறையாக வேலை செய்த அப்பகுதி ஒருநாள் அறவே நின்றுபோயிற்று. பழுது பழுதாகிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

ஆகவே பழுதைத் திட்டமிட்டுப் படைக்க வேண்டிய தேவை வந்தது. ஸ்னாடியும், டபிள்யூ.எஸ்.எம். என்ற வானொலி நிலையத்தின் எஞ்சினீயரான ரெவிஸ் ஹாப்ஸும் சேர்ந்து, அக்காலத்தில் புதுமையாக இருந்த டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு அதே ஒலியைத் தரும் சுற்று ஒன்றை அமைத்தனர். மூன்று ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்கள், ஒன்றரை வோல்ட் பாட்டரிகள் இரண்டு, பெரும்பாலும் அவ்வளவுதான். ஒலியின் தூய்மையைக் காப்பதே தொழிலாகக் கொண்டிருந்த வானொலிக்காரர் ஒருவர், ஒலியைக் கெடுக்கும் கருவிக்குத் துணைத்தந்தையானது சுவையான முரண். இச்சுற்றைக் கிப்ஸன் என்ற கிதார்க் கம்பெனி ஏற்று, 1962-ல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் வெளியிட்டது. ஸ்னாடி, ஹாப்ஸ் இருவருக்கும் 1965-ல் காப்புரிமை கிடைத்தது.

முதலில் அப்பெட்டியின் பயன் விற்றவர்களுக்கே விளங்கவில்லை. கிதாரைக் கொண்டு டிராம்போன், ட்யூபா, செல்லோ முதலிய வாத்தியங்களைப் போல் ஒலிக்கச் செய்யலாம் என்று விளம்பரம் செய்தார்கள். போலி டிராம்போன் யாருக்கு வேண்டும்? முதலாண்டில் கடைகளுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் சென்றன. அவை அலமாரிகளிலேயே தங்கின. அடுத்த இரண்டாண்டுகளில் புதிய விற்பனை அநேகமாக இல்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’ பாட்டைப் பதிவு செய்தபோது, கீத் ரிச்சர்ட்ஸ் இப்பெட்டியைப் பயன்படுத்தினார். அவருடைய எண்ணமும் பழைய விளம்பரத்தை ஒட்டியதுதான். பிற்பாடு ஊதுகருவிகள் வாசிக்கவேண்டிய பகுதியை மாதிரிக்காகக் கிதாரில் வாசித்துக் காட்டினார். ஆனால் அந்த மாதிரியே இசைத்தட்டாக வெளிவந்து உலகமெங்கும் ஒலித்தது. அதன்பின் கடைகளில் தேங்கியிருந்த பெட்டிகள் அவ்வாண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. கிதார் டிராம்போனைப்போல் ஒலிக்கவேண்டியதில்லை, இந்த ஒலியே ஒரு புது வாத்தியம் என்பதை மக்கள் உணர்ந்துகொண்டார்கள்.

இங்கிலாந்தில் கேரி ஹர்ஸ்ட் 1965-ல் ‘டோன் பெண்டர்’ என்ற பெட்டியைச் செய்தார். 1966-ல் ஐவர் ஆர்பிட்டரின் லண்டன் கம்பெனி ‘ஃபஸ் ஃபேஸ்’ என்பதை வெளியிட்டது. மைக்ரோஃபோன் தாங்கியின் அடித்தட்டைப்போல் வட்டமான உலோகப் பெட்டி. மேலே இரண்டு திருகுகள் கண்களாகவும் கீழே பெயர்த்தகடு வாயாகவும் அமைய, மனித முகம் சிரிப்பது போல் இருக்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையாண்டதால் அது பெரும்புகழ் அடைந்தது. அதன் உள்ளே பார்த்தால் வியப்பே மிஞ்சும். இரண்டு டிரான்ஸிஸ்டர்கள், நான்கு மின்தடைகள், மூன்று கண்டென்ஸர்கள், இரண்டு கண்ட்ரோல்கள். ஆகப் பதினொரு உறுப்புகள், ஒரு 9 வோல்ட் பாட்டரி. ஓர் எளிய டிரான்ஸிஸ்டர் ரேடியோவில்கூட இதைப்போல் பல மடங்கு உறுப்புகள் உண்டு.

ஆயினும் இந்த எளிய பெட்டிகள் ஒன்றுபோல் மற்றொன்று ஒலிப்பதில்லை. காரணம் ஜெர்மானியம். அக்காலத்து ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்கள், ஒரே தொழிற்சாலையில் ஒரே எண்ணிட்டு வந்தாலும், பெருக்கும் ஆற்றலில் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன. கூடவே, மின்சாரம் செல்லக்கூடாத வேளையிலும் சிறிதளவு கசிந்துகொண்டிருக்கும் குணமும் அவற்றுக்கு உண்டு. ஆகையால் கலைஞர்கள் கடையில் பல பெட்டிகளை வாசித்துப் பார்த்துத் தமக்கு ஏற்றதைப் பொறுக்கினார்கள். ஹெண்ட்ரிக்ஸுக்கு ரோஜர் மேயர் என்ற எலெக்ட்ரானிக்ஸ் நிபுணர் இவ்வகையில் துணைபுரிந்தார்.

இந்த ஜெர்மானியம் நமக்கு அந்நியமானதன்று. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-ல் ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்களைச் செய்யத் தொடங்கியது. ஃபஸ் ஃபேஸில் பொருத்தப்பட்ட வகைகளுள் ஒன்றான ஏ.ஸி. 128, நம் நாட்டு டிரான்ஸிஸ்டர் ரேடியோக்களின் ஒலிபெருக்கும் பகுதியிலும் சாதாரணமாகக் காணப்பட்டது. கான்பூரிலோ நாக்பூரிலோ கோடையில் பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோவின் குரல் கம்மியதைக் கேட்டவர்கள் இருப்பார்கள். வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி உயரும்போது ஜெர்மானியத்தின் கசிவு இரட்டிக்கிறது. 25 டிகிரியில் இருந்த கசிவு, 45 டிகிரி வெயிலில் நான்கு மடங்கு ஆகிவிடும். லண்டனின் குளிர்ந்த அறையில் இனிதே இயங்கிய ஃபஸ் பெட்டி, மேடை விளக்குகளின் வெப்பத்தில் சோர்ந்துபோனதும் இதனால்தான்.

1960-களின் இறுதியில் சிலிக்கான் டிரான்ஸிஸ்டர்கள் ஜெர்மானியத்தின் இடத்தைப் பிடித்தன. அவை வெப்பத்துக்கு எளிதில் அசையா. பெருக்கும் ஆற்றலும் மிகுதி. ஒலியோ முன்னிலும் கூர்மையாயிற்று. சில பெட்டிகள் நீண்ட கம்பி வழியாக அக்கம்பக்கத்து வானொலி ஒலிபரப்பையும் பிடித்துக்கொண்டு, கிதாருக்கு இடையே செய்தியையும் வாசிக்கத் தலைப்பட்டன. ஒரு குறையைக் களைந்தால் வேறொரு குணம் மறைந்துபோகும் என்பதை அன்றே கலைஞர்கள் கண்டார்கள். ஜெர்மானியப் பெட்டிகளைத் தேடி வாங்கும் வழக்கம் பின்னாளில் வலுத்ததற்கு இதுவே காரணம்.

இனி, பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வருவோம். பழைய பெட்டி ஒன்று ஊமையாகிவிட்டது, அல்லது இருமுகிறது. அநுபவசாலி உடனே சூட்டுக்கோலைக் கையில் எடுப்பதில்லை. முதலில் கம்பியையும் பாட்டரியையும் மாற்றிப் பார்க்கிறார். அடுத்து, அசையும் உறுப்புகளைப் பார்க்கிறார். ஏனெனில் மூப்பு முதலில் தாக்குவது அவற்றைத்தான். கிதாரின் பிளக்கைச் செருகினால் பாட்டரி இணையும்படி அமைந்த ஜாக்கின் தொடுமுனை கறுத்திருக்கலாம். ஒழுகிய பாட்டரியால் கவ்விகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கலாம். பல்லாயிரம் முறை மிதிபட்ட சுவிட்சு உள்ளே தேய்ந்திருக்கலாம். திருகும்போது சரசரவென்று ஒலித்தால், கண்ட்ரோலின் கரித்தடத்தில் தூசு படிந்திருக்கிறது என்று பொருள். துடைப்பதாலும் தூய்மை செய்வதாலுமே இவற்றுட் பல சரியாகிவிடும்.

அதன்பிறகு கண்டென்ஸர்கள். எலெக்ட்ரோலிடிக் வகைக் கண்டென்ஸரின் உள்ளே ஈரம் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அது உலர்ந்துவிடுகிறது. ஃபஸ் ஃபேஸில் ஒலி நுழையும் வாயிலில் உள்ள கண்டென்ஸர் உலர்ந்தால் தாழ்ந்த ஒலிகள் மெலியும். ஃபஸ் திருகை ஒட்டிய பெரிய கண்டென்ஸர் உலர்ந்தால் கரகரப்பின் வேகமே குன்றும். டிரான்ஸிஸ்டர்களை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சந்தேகிக்கவேண்டும். மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கும்போது, இரண்டாவது டிரான்ஸிஸ்டரின் கலெக்டரில் பாட்டரியின் பாதியளவு, அஃதாவது 4.5 வோல்ட்டை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் நலமே. அதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் ஆராயவேண்டும். அப்போதும் அறையின் வெப்பத்தை மறந்துவிடக்கூடாது. மே மாத நடுப்பகலில் கெட்டதாகத் தோன்றும் டிரான்ஸிஸ்டர் மறுநாள் விடியற்காலையில் நல்லதாக இருக்கலாம். கழற்ற வேண்டியே வந்தால், ஈயத்தை உருக்கும்போது டிரான்ஸிஸ்டரின் காலை இடுக்கியால் கவ்விக்கொள்வது முறை. வெப்பம் உள்ளே செல்லாமல் இடுக்கி வாங்கிக்கொள்ளும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஜெர்மானிய ஃபஸ் ஃபேஸில் பெட்டியின் உடலோடு இணைந்திருப்பது பாட்டரியின் நேர்முனை. பிற்காலத்துப் பெட்டிகளில் எதிர்முனை. இதனை அறியாமல் இருவகையையும் ஒரே மின்இணைப்பில் மாட்டினால், இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டதுபோல் ஆகிவிடும். மாற்றும் கண்டென்ஸரின் முனைகளையும் பழையதைப் பார்த்தே வைக்கவேண்டும்.

இவையெல்லாம் பழுதுகள், இவற்றை நீக்குவதில் கருத்து வேறுபாடு இல்லை. பழுதுபோலத் தோன்றும் பண்புகளிடத்தில்தான் சோதனை வருகிறது. மேஸ்ட்ரோ பெட்டியில் நாதம் இயல்பாகத் தேய்ந்து மறைவதில்லை. முடிவில் திக்கித் திணறி, அணையும் விளக்கைப்போல் படபடத்து, சட்டென்று நிற்கும். அறியாதவர் பாட்டரி தீர்ந்தது என்பார். அரைகுறையாக அறிந்தவர் சுற்றின் அளவுகளை மாற்றி அதைச் ‘சரி’ செய்துவிடுவார். அந்தக் கணத்தில் 1965-ன் இசைத்தட்டில் உலகம் கேட்ட குரல் அப்பெட்டியை விட்டுப் போய்விடும். அவ்வாறே, கசிகிறது என்பதற்காக ஃபஸ் ஃபேஸின் ஜெர்மானியத்தை எடுத்துவிட்டுக் குற்றமற்ற சிலிக்கானை வைத்தால், பெட்டி பிழைக்கும். பேசுவது வேறொருவராக இருக்கும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்கு இது பழகிய சிக்கல். மூலத்தில் இடறும் ஒரு சொல் அச்சுப்பிழையா, ஆசிரியரின் வழக்கா என்பதைத் தெளிந்த பிறகே பேனா நகரவேண்டும். பிழையைக் காப்பாற்றினால் வாசகனுக்குத் தீங்கு. வழக்கைத் திருத்தினால் ஆசிரியனுக்குத் தீங்கு. இரண்டையும் பிரித்தறிய இலக்கணம் மட்டும் போதாது. அந்த ஆசிரியரையும் அவர் காலத்தையும் படித்திருக்கவேண்டும். பெட்டியைத் திருத்துபவருக்கும் மல்டிமீட்டர் மட்டும் போதாது. அதே வகைப் பெட்டி ஒலித்த பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் காதைப் பழக்கியிருக்கவேண்டும்.

புதிய பெட்டிகள் கிடைக்காமலா போயிற்று, பழையதை ஏன் கட்டிக் காக்கவேண்டும் என்று கேட்கலாம். உண்மைதான், மேஸ்ட்ரோ என்ற பெயரையே கிப்ஸன் கம்பெனி 2022-ல் புதுப்பித்துப் புதிய பெட்டிகளை வெளியிட்டது. ஆனால் பழைய பெட்டி இசைக்கருவியாக இருப்பதோடு சான்றாகவும் இருக்கிறது. அன்று எந்த உறுப்பை, எந்த அளவில், எவ்வாறு பற்றவைத்தார்கள் என்பதை அதுதான் சொல்லும். ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்களைப் பெரிய தொழிற்சாலைகள் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. பழைய இருப்பு குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே ஒவ்வொரு மாற்றமும் திரும்பப் பெற முடியாத செலவு. இதை உணர்ந்த நல்ல தொழிலாளி, தேவைக்கு மேல் ஓர் உறுப்பையும் மாற்றுவதில்லை. மாற்றிய உறுப்பை உறையிலிட்டு உரியவரிடமே ஒப்படைக்கிறார். எதை, எப்போது, ஏன் மாற்றினார் என்பதையும் எழுதி வைக்கிறார். அடுத்த தலைமுறையில் வரும் மற்றொரு தொழிலாளிக்கு அவர் எழுதும் கடிதம் அது.

நேயர்கள் பலருக்குக் கிதாரோடு தொடர்பு இல்லாமல் இருக்கலாம். ஊரை விட்டு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த தந்தையாரின் டிரான்ஸிஸ்டர் ரேடியோ, அலமாரியின் மேல்தட்டில் பேசாமல் இருக்கலாம். அதற்கும் இந்த முறையே பொருந்தும். முதலில் பாட்டரியின் களிம்பைத் துடையுங்கள், பிறகு திருகுகள், பிறகு கண்டென்ஸர்கள், டிரான்ஸிஸ்டர் கடைசியில். அது மீண்டும் பேசும்போது சற்றே கம்மிய குரலில் பேசினால் வருந்தவேண்டியதில்லை. அந்தக் குரலில் எவ்வளவு மூப்பு, எவ்வளவு பிறவிக்குணம் என்பதைக் காது கொடுத்துக் கேட்டபிறகு திருத்தலாம். நாஷ்வில் நகரில் ஓர் எஞ்சினீயர் கெட்டுப்போன பகுதியை எறியாமல் எடுத்து வைத்ததால்தான் இவ்வளவும் விளைந்தது.